உப்புக்குக் காவல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு உப்பில்தான் போய் நிற்கிறது. ஊறுகாயை இலையில் வைக்க வந்தவனை ஒருவர் கையாட்டி அனுப்புகிறார். அப்பளத்தைப் பார்த்து இன்னொருவர் பெருமூச்சு விடுகிறார். பிரஷர் மாத்திரை போடாத ஆளே நம்மில் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டு நானும் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன், அதில் வாதம் இல்லை. ஆனால் உப்பே விஷம் என்று யாராவது அடித்துப் பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். உப்பைத் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒருத்திக்குப் பிறந்தவள் நான். அந்த உப்பை அவளிடமிருந்து பிடுங்கியவளும் நான்தான். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. திருப்பூரில் ஐந்து வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் நடு வீடு எங்களுடையது. அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார். அதிகம் பேச மாட்டார். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் நின்றவர், பேசி யார் காதில் விழப் போகிறது என்று விட்டுவிட்டாரோ என்னவோ. அம்மா பக்கத்துத் தெரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, எண்ணெய்ப் பொட்டு, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை.

செக்கிங்கிலும் மேல் கீழ் உண்டு. கலர் துணி டேபிளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். வெள்ளை டேபிளுக்கு எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேரும் காலையில் உள்ளே நுழையும்போது சூப்பர்வைசர் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். மருதாணி கூடாது, மஞ்சள் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வரக் கூடாது. மஞ்சள் பூசாத சுமங்கலியை எங்கள் பக்கம் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அம்மா பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தாள். பனியனுக்குள் இடது கையை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பாள், அவ்வளவுதான். கண் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் ஓட்டையில் போய் நின்றுவிடும். சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நான் அதை வேடிக்கை பார்ப்பேன். இஸ்திரி போட்ட புதுத்துணியின் சூடான வாசனையும் பஞ்சுத் தூசியும் மூக்கில் ஏறும். அந்த எட்டுப் பேரில் என் அம்மாவும் ஒருத்தி என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருடம் பொங்கல் முடிந்த பிறகு அம்மாவின் கை கறுக்க ஆரம்பித்தது. முதலில் விரல் மூட்டுகள். பிறகு உள்ளங்கை ரேகைகளில் பேனாவால் கோடு போட்டது போல ஒரு கறுப்பு. முகமும் வெயிலில் காய்ந்தவள் முகம் போல மாறியது. அவள் வெயிலுக்கே போகாதவள்.

வேறு ஊராக இருந்தால் இதற்கு வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். திருப்பூரில் கை கறுத்தால் சாயம் என்றுதான் எவனும் சொல்வான். இரண்டு தெரு தள்ளிச் சாயப்பட்டறைகள் இருந்தன. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களைக் கூலிக்கு எடுப்பார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை ரகசியமாகச் சாயப்பட்டறைக்குப் போய் வருகிறாள் என்று சூப்பர்வைசர் முடிவுகட்டிவிட்டார். இல்லை என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. வெள்ளை டேபிளிலிருந்து எழுப்பிக் கலர் பீஸ் மடிக்கிற மூலையில் உட்கார வைத்தார்.

அம்மா வீட்டுக்கு வந்து யாரிடமும் குறை சொல்லவில்லை. எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்தாள். அது போதாமல் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தோல் வெந்து உரிந்ததே தவிர நிறம் போகவில்லை. உரிந்த இடம் ஆறும்போது முன்னைவிடக் கறுத்தது. அந்தப் பிளீச்சிங் நெடியில் நாங்கள் இரவுச் சோற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

அம்மா இளைத்துக்கொண்டே போனாள். ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள். உட்கார்ந்தவள் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். தெருமுனை கம்பவுண்டர் ரத்தம் பத்தவில்லை என்று சிவப்பு டானிக் கொடுத்தார். வாய் மட்டும் உப்பு உப்பு என்று கேட்டது. மோரில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கிக் குடிப்பாள். ஊறுகாய் ஜாடியில் காய் இருக்கும், தண்ணீர் இருக்காது. மாசமாக இருக்கிறாளா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். மாதங்கள் போயும் வயிறு ஒட்டியே இருக்கச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதும் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கை. கொமரலிங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், நெல்லும் தென்னையுமாக வசதியான வீடு. அம்மாவைப் பார்த்தவுடன் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு அழுதாள். அத்தையை நான் இந்தக் கதையில் கெட்டவளாகக் காட்டிவிடக் கூடாது. அவளைப் போல என் அம்மாவை நேசித்தவர்கள் குறைவு. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லை அத்தை சொல்லும்போது வெல்லம் போட்டது போல இருக்கும். அம்மாவை உட்கார வைத்துவிட்டு அத்தனை வீட்டு வேலையும் அவளே செய்தாள்.

எங்கள் பகுதி மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, அத்தை வந்த அன்றுதான் கம்பம் நட்டிருந்தார்கள். அன்றிலிருந்து பதினைந்தாம் நாள் அம்மனுக்குப் பொங்கல். அத்தை கோயிலுக்குப் போய், நங்கையாளின் கறுப்பு இறங்க வேண்டும், அதற்காகப் பொங்கல் வரைக்கும் அவள் உப்பில்லாமல் விரதம் இருந்து பூவோடு எடுப்பாள் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். பூவோடு என்றால் நெருப்புச் சட்டி. அம்மாவைக் கேட்காமலே வேண்டிக்கொண்டது. எதை அதிகமாகக் கேட்கிறாளோ அதைக் கொடுத்தால்தான் அம்மன் மனம் இறங்கும் என்பது அத்தையின் கணக்கு. அன்று யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

சாமியிடம் சொன்னதை மாற்ற முடியாது, முடிந்தவரை இருந்து பார்க்கிறேன் என்றாள் அம்மா. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு அடுப்படியில் இருந்த உப்புச் சாடியைக் காட்டினாள்.

“உங்கம்மா கை இதுக்குள்ள போச்சுன்னா எங்கிட்டச் சொல்லிப்போடோணும் கண்ணு. சாமி குத்தமாயிப் போச்சுன்னா உங்கம்மா நமக்கில்லே.”

அந்தச் சாடி எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடிப்பக்கம் பழுப்பு, மேல்பக்கம் வெள்ளை, மரமூடி. மூடியைத் திறந்தால் ஈரமாக ஒரு குளிர்ச்சி வரும். வீடு மாறினபோது எங்கே போனதோ தெரியவில்லை. லீவு நாட்களில் மற்ற பிள்ளைகள் தெருவில் ஆடிக்கொண்டிருக்க நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அவளை நான்தான் காப்பாற்றுகிறேன் என்ற மிதப்பும் கூடவே இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், அம்மா வேலை விட்டு வந்திருந்த நேரம், நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் சாடியின் மூடி சரியாக மூடவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைவில் அம்மா குந்தியிருந்தாள். முந்தானையில் கல்லுப்பு. ஒவ்வொரு கல்லாக வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட பிள்ளையைப் போல முந்தானையை மூடினாள்.

“சொல்லிப்போடாத கண்ணு. நானாக் கேக்கல. ஒடம்பு கேக்குது.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அத்தை அம்மாவைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வீட்டில், நோம்பி முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அம்மாவுக்கு உப்புக்கு வழியே இல்லை. ஏழாம் நாள் வேலைக்குப் போகவில்லை. எட்டாம் நாள் குடித்த கஞ்சி தங்கவில்லை. வாந்தி எடுத்துவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொண்டாள். அம்மன் உடம்பைச் சுத்தம் பண்ணுகிறாள் என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் குரலிலும் தெம்பு இல்லை.

கடைசி வீட்டில் இருந்தவர் சாயப்பட்டறையில் கலர் மாஸ்டர். பாய் வீடு. ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இந்த நிறம் வேண்டும் என்றால், எந்தச் சாயத்தில் எத்தனை கிராம் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். எத்தனை அவசரம் என்றாலும் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்க மாட்டார். துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். துணியில் ஏறிய சாயத்தைக் கழுவி எடுக்கிற மருந்து ஒன்று பட்டறையில் உண்டு. அதைக் கொஞ்சம் கொண்டுவந்து அம்மா கையில் போட்டுப் பார்க்க முடியுமா என்று அப்பா அவரிடம் கேட்டிருந்தார். கறை போனால் வெள்ளை டேபிள் திரும்பக் கிடைக்கும் என்பது அப்பாவின் எண்ணம். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கலர் மாஸ்டர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாசலில் உட்கார வைத்தோம். அவர் எதிரே குந்தி, தன் இரண்டு கைகளையும் அம்மாவின் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார். சாயத்திலேயே கிடந்த கைகள். நகமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக இருந்தது. அம்மாவின் நகங்கள் வெளுத்துச் சுத்தமாக இருந்தன. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து அம்மாவின் விரல் மூட்டில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு தடவை வாயைத் திறங்க தங்கச்சி என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். பல் ஈறில் நாவல்பழம் தின்ற மாதிரி கறுப்புத் திட்டுகள்.

அவர் எழுந்து அப்பாவிடம் சொன்னார்.

“சாயம்னா மொதல்ல நகத்துலதானுங்க புடிக்கும். தோலுல ஏறுனது பத்து நாள்ல உரிஞ்சு போயிரும். வாய்க்குள்ள எந்தச் சாயமும் போறதில்லீங்க. இது வெளியிலிருந்து வந்த கலர் இல்லே. உள்ள என்னமோ கெட்டுப் போயிருக்குது. பட்டறை மருந்தெல்லாம் போட வேண்டாம், டாக்டரப் பாருங்க.”

எத்தனை பேர் பார்த்த கை அது. சூப்பர்வைசர் பார்த்தார், கம்பவுண்டர் நாடி பிடித்தார், நாங்கள் தினமும் பார்த்தோம். எல்லோரும் ஒரு முடிவோடு பார்த்தோம். அந்த மனிதர் மட்டும், வாழ்நாளெல்லாம் சாயம் பார்த்தவர், இது சாயமா என்று சந்தேகப்பட்டுப் பார்த்தார். இன்றுவரை அவரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

அவர் பேசி முடிப்பதற்குள் எழுந்திருக்கப் பார்த்த அம்மா அப்படியே சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் கண் சரியாகத் திறக்கவில்லை. அத்தை பதறிப்போய், இன்னும் ஆறு நாள்தான், பாதியில் விட்டால் சாமி விடாது, எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து அவள் கையை எடுத்துவிட்டார்.

“நோம்பி அடுத்த வருசமும் வரும். பட்டறை வண்டியக் கொண்டாங்க பாய்.”

அப்பா ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

ஈரத் துணி ஏற்றுகிற வண்டி. பின்னால் சாக்கை விரித்து அம்மாவைக் கிடத்தினோம். கோயமுத்தூர் போகிற வரைக்கும் அவள் தலை அத்தை மடியில், கால் என் மடியில். கால் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். வயது குறைவு, குரல் கண்டிப்பு. பிரஷர் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், அப்பாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை நாளாக இளைப்பு, காய்ச்சல் உண்டா, சாப்பாட்டில் எதையாவது விட்டார்களா, எதையாவது விரும்பிக் கேட்டார்களா. அப்பா தரையைப் பார்த்தார். விரதத்தை மீறித் திருடித் தின்றாள் என்று வெளி ஆளிடம் எப்படிச் சொல்வது என்று அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். டாக்டர் வேறு ஏதோ எழுதத் திரும்பினார். அம்மா சாகப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. சாமி குத்தம் எதுவானாலும் சரி என்று கத்திவிட்டேன்.

“எங்கம்மா உப்புத் திருடித் தின்னுச்சுங்க. கல்லுக் கல்லாத் தின்னுச்சு. நாந்தான் சொல்லிக் குடுத்துப்போட்டேன். அத்தை சாடியத் தூக்கிட்டுப் போயிருச்சு.”

டாக்டரின் பேனா நின்றது. எத்தனை நாளாக உப்பே இல்லை என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஊசியும் சலைனும் உடனே என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

மறுநாள் காலை அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். மூன்று மாதமாக அவள் வாயில் வராத சொல் அது. ரத்தப் பரிசோதனை வந்தது, எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. பிறகு டாக்டர் அப்பாவை உட்கார வைத்து விளக்கினார். சிறுநீரகம் இரண்டின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அட்ரினல் என்று பெயர். அம்மாவின் உடம்பு தன் சுரப்பியைத் தானே அழித்துக்கொண்டுவிட்டது. அதில் ஊற வேண்டிய ஹார்மோன் இல்லாவிட்டால் உடம்பில் உப்பு நிற்காது, சிறுநீரில் போய்விடும். பிரஷர் இறங்கிக்கொண்டே போகும். வேலை செய், வேலை செய் என்று மூளை அந்தச் சுரப்பிக்கு ஓயாமல் ஆள் அனுப்புமாம். அப்படி அனுப்புகிற சரக்குத்தான் தோலையும் ஈறையும் கறுக்க வைக்கிறது. இத்தனை நாள் இந்த அம்மாவை உயிரோடு வைத்திருந்தது அவர் தின்ற உப்புத்தான் என்று டாக்டர் சொன்னார்.

எனக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மீதி இருந்த ஆறு நாள் விரதத்தை அத்தை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு உப்பும் உறைப்புமாக ஊட்டிவிட்டு, தான் வெறும் பாலும் பழமும் சாப்பிட்டாள். நோம்பியன்று பூவோட்டையும் அவளே எடுத்தாள். தப்பு என்று தெரிந்த பிறகு, அடுத்தவர் தலையில் ஏற்றியதைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்கிற மனுஷி எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல்லுங்கள்.

அம்மா வீடு திரும்பியபோது கையில் ஒரு சின்ன மாத்திரைப் புட்டி. உயிர் உள்ளவரை தினமும் போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆபத்து, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு என்று டாக்டர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். நான் அம்மாவின் பக்கமே போகாமல் ஒதுங்கி ஒதுங்கித் திரிந்தேன். இரண்டாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். புட்டியை என் மடியில் வைத்தாள்.

“நீ காவலிருந்தா ஒரு கல்லு உப்புக்கூடத் தப்ப முடியல. உன்ன மாதிரி ஆளு எனக்குக் கெடைக்காது. இனிமே இதுக்கு நீதான் காவல்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அவளை அப்படிக் காட்டிக்கொடுத்தவளின் கையிலேயே அவள் தன் உயிரைக் கொடுத்தாள். இதைவிடப் பெரிய மன்னிப்பை நான் இந்த வயதுவரை பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. நிறம் மெதுவாகத்தான் இறங்கியது. கறுப்பு முழுக்கப் போன பிறகு வெள்ளை டேபிளைப் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். அம்மா முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றாள். தனியாக அனுப்ப அப்பாவுக்குப் பயம், அதனால் நானும் போயிருந்தேன். முதலாளி விவசாயக் குடும்பத்தில் இருந்து வந்தவர், வெள்ளை வேட்டி. நோயைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு புது பனியனும் கேட்டாள். கையை நனைத்து, அந்தப் பனியனை முறுக்கிப் பிழிந்து, உதறி அவர் மேஜைமேல் விரித்தாள்.

“துணியப் பாருங்க மொதலாளி. கைய எதுக்குப் பாக்கறீங்க.”

அவர் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடித்த பருத்தி போல வெள்ளையாக இருந்தது. போய் உங்க எடத்துல உக்காருங்க அம்மிணி என்றார். அதற்குப் பிறகு அந்த டேபிளில் அம்மா ஓய்வு பெறுகிற வரைக்கும் இருந்தாள். எத்தனையோ சூப்பர்வைசர்கள் வந்து போனார்கள்.

நான் காவலை விடவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன், பிறகு நானும் கம்பெனி வேலைக்குப் போகுமுன், காலையில் ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்கித் தண்ணீர் குடிக்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அவள் வாயைத் திறந்து காட்டுவாள். தினமும் அதே கேலி.

என் கல்யாணத்தன்று விடியற்காலை முகூர்த்தம். கூறைப்புடவை கட்டி, நகை பூட்டி, மாலையோடு மணவறைக்குப் போகத் தயாராக நின்றேன். அத்தையும் சொந்தக்காரப் பெண்களும் நேரமாகிறது என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பட்டுப்புடவையில் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஆசீர்வாதம் பண்ண வருகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் இடுப்பிலிருந்து புட்டியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

மருதாணி போட்ட விரல்களால் ஒரு மாத்திரையை எடுத்து வைத்தேன். அவள் விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். பிறகு புட்டியை வாங்கி, பக்கத்தில் நின்ற அப்பாவின் கையில் வைத்தாள்.

“நீ போ கண்ணு. இனி இவரு பாத்துக்குவாரு.”